கையில் காசில்லாதபோது சொன்ன ‘முடியாது’: ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ குடும்பத்தின் நிஜக் கதை

கான்வென்ட் பள்ளியில் படித்தவர்களுக்கு ‘டோ-ரே-மி’ பாட்டு தெரியாமல் இருக்க வழியில்லை. ஆண்டு விழா மேடை, ஒரே கலரில் ஃபிராக் போட்ட பிள்ளைகள், ஓரத்தில் கீபோர்டு வாசிக்கும் மிஸ். பாட்டோடு சேர்த்து கதையும் பலருக்கு அத்துப்படி. தாயில்லாத ஏழு பிள்ளைகள். விசில் ஊதி அவர்களை வரிசையில் நிறுத்தும் பணக்காரக் கடற்படை கேப்டன். கன்னிமடத்திலிருந்து கிடார் பெட்டியோடு வந்து இறங்கும் மரியா. பாட்டு, காதல், கல்யாணம். கடைசியில் ஹிட்லரின் ஆட்களிடம் சிக்காமல், மலையேறி சுவிட்சர்லாந்துக்குத் தப்பிக்கும் குடும்பம். 1969ல் ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்து வந்த ‘சாந்தி நிலையம்’ பார்த்த வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்தக் கதையின் வாடை தெரிந்திருக்கும்.

1959ல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்து, 1965ல் சினிமாவாகி உலகம் சுற்றிய இந்த இசை நாடகத்துக்குப் பின்னால் நிஜமான ஒரு குடும்பம் இருக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்து வான் டிராப் குடும்பம்.

கதை எங்கெல்லாம் மாற்றப்பட்டது என்று பட்டியல் போடுவது சுலபம். முதல் ஓட்டை அந்தக் கிளைமாக்ஸிலேயே இருக்கிறது. சால்ஸ்பர்க் பக்கத்து மலையைத் தாண்டினால் வருவது சுவிட்சர்லாந்து இல்லை, ஜெர்மனி. அதுவும் ஹிட்லரின் மலை வீடு இருந்த பெர்ஷ்டெஸ்காடன் பக்கம். சுவிஸ் எல்லை அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேற்கே. படத்தில் வருகிற மாதிரி நடந்திருந்தால், குடும்பத்தோடு புலியின் குகைக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். சினிமாவில் இதெல்லாம் சகஜம். ஆனால் சகஜமாக எடுத்துக்கொள்ள முடியாத ஒரு மாற்றமும் அந்தக் கதையில் இருக்கிறது. அது மலையைப் பற்றியது இல்லை, பணத்தைப் பற்றியது. நாஜிகளிடம் ‘முடியாது’ என்று சொன்னபோது அந்தக் குடும்பத்திடம் பணமே இல்லை. அந்தத் தகவலை எடுத்துவிட்டால், அவர்கள் செய்த காரியத்தின் கனம் பாதியாகக் குறைந்துபோகிறது.

டார்பிடோ கொடுத்த சொத்து

கேப்டன் கற்பனைப் பாத்திரம் இல்லை. ஜார்ஜ் வான் டிராப் 1880ல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் துறைமுக நகரமான ஸாராவில் பிறந்தவர். இன்று அது குரோஷியாவில் இருக்கும் ஸாதர். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன். 1915 ஏப்ரலில் அவருடைய கப்பல் விட்ட டார்பிடோ, ‘லெயோன் காம்பெட்டா’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பேரரசின் மிகப் பெரிய ராணுவ விருது அவருக்குக் கிடைத்தது.

அவருடைய முதல் மனைவி அகதா வைட்ஹெட். நவீன டார்பிடோவை உருவாக்கிய ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் வைட்ஹெட்டின் பேத்தி. படத்தில் காட்டப்படும் அந்த வசதியான வாழ்க்கைக்குப் பின்னால் பெரும் பகுதி இந்த டார்பிடோ சொத்துதான். 1911ல் கல்யாணம், பத்து வருடத்தில் ஏழு பிள்ளைகள்.

1918ல் போர் முடிந்தபோது பேரரசு சிதறியது. புதிய ஆஸ்திரியாவுக்குக் கடற்கரையே மிஞ்சவில்லை. கடல் இல்லாத நாட்டில் கடற்படை எதற்கு? நாற்பது வயதை எட்டுவதற்குள் ஜார்ஜ் வேலையில்லாத கேப்டன் ஆனார். 1922ல் அகதா ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தார். பிறகுதான் குடும்பம் சால்ஸ்பர்க் அருகே ஐகன் என்ற இடத்தில் ஒரு பெரிய வீட்டுக்குக் குடிவந்தது.

விசில் நிஜம்தான். பெரிய தோட்டத்தில் எங்கெங்கோ விளையாடும் ஏழு பிள்ளைகளைக் கூப்பிட ஒவ்வொருவருக்கும் ஒரு சத்தம் என்று ஜார்ஜ் வைத்திருந்தார். ஆனால் பாட்டைத் தடை செய்த இறுகிய அப்பா என்பது முழுக்கக் கற்பனை. அந்த வீட்டில் மரியா வருவதற்கு முன்பே பாட்டு இருந்தது, பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கிற அப்பாவும் இருந்தார்.

ஏழு பேருக்கு கவர்னஸ் இல்லை, ஒரு பெண்ணுக்கு டியூஷன் டீச்சர்

மரியா குட்ஷெரா 1905ல், வியன்னா நோக்கிப் போய்க்கொண்டிருந்த ரயிலில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். நான்பெர்க் மடத்தில் துறவியாகத் தயாராகிக்கொண்டிருந்த அவரை 1926ல் அந்த வீட்டுக்கு அனுப்பியது ஏழு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள அல்ல. நோயிலிருந்து மீண்டு, பள்ளிக்குப் போகத் தெம்பில்லாமல் இருந்த ஒரு மகளுக்குப் பாடம் சொல்லித்தர மட்டும்தான்.

1927 நவம்பரில் கல்யாணம். மணமகனுக்கு 47, மணமகளுக்கு 22. தாம் அப்போது காதலித்தது கேப்டனை அல்ல, பிள்ளைகளைத்தான் என்று பின்னாளில் மரியாவே ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். கணவர் மேல் அன்பு வந்தது அதற்குப் பிறகு. குடும்பத்தில் சட்டென்று வெடிக்கிற ஆளும் மரியாதான். கோபம் வந்தால் புயல், போனால் அடுத்த நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி. சமாதானம் செய்துவைக்கிறவர் ஜார்ஜ். படத்தில் அப்பா எரிமலை, மரியா தென்றல். நிஜத்தில் அப்படியே தலைகீழ்.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். நாடகத்தில் கல்யாணம் முடிந்து தேனிலவிலிருந்து திரும்புவதற்குள் ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் வந்துவிடுகிறார். நிஜத்தில் இரண்டுக்கும் நடுவே 10 வருடங்களுக்கு மேல். குடும்பத்தின் உண்மையான கதை அந்த இடைவெளியில்தான் நடந்தது. கதாசிரியர்கள் கத்தரி போட்டதும் அங்கேதான்.

பேங்க் மூழ்கியது, பாட்டு பிழைப்பானது

அகதா வழிச் சொத்து லண்டனில் பத்திரமாக இருந்தது. 1930களின் முதல் பாதியில் ஆஸ்திரியப் பொருளாதாரம் தள்ளாடியபோது, குடும்ப நண்பர் ஒருவர் நடத்திய உள்ளூர் வங்கிக்குக் கைகொடுக்க ஜார்ஜ் அந்தப் பணத்தை எடுத்து அங்கே போட்டார். வங்கி மூழ்கியது. பணமும் போனது.

வேலைக்காரர்களில் பெரும்பாலோர் அனுப்பப்பட்டார்கள். குடும்பம் மேல் மாடிக்கு நகர்ந்து, மீதி அறைகளை வாடகைக்கு விட்டது. நேற்று வரை விருந்து நடந்த வீட்டில் இன்று வாடகைக்குக் குடியிருப்பவர்கள். ஊரில் கௌரவமாக வாழ்ந்து நொடித்துப்போன குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வீட்டுச் சூழலைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

வாடகைக்குப் பதில் வரமாக வந்தவர் ஒரு பாதிரியார். பேராயர் அனுப்பி அந்த வீட்டுக்கு வந்த ஃபிரான்ஸ் வாஸ்னர் நல்ல இசைஞர். பொழுதுபோக்காகப் பாடிக்கொண்டிருந்தவர்களை மேடையில் நிற்கக்கூடிய இசைக்குழுவாக வார்த்தெடுத்தவர் அவர்தான். பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, குரல்களுக்கு ஏற்பப் பிரித்து எழுதி, சுமார் 20 வருடம் குழுவை நடத்தினார். நாடகத்தில் அவர் கிடையாது. அவர் இடத்தில் மாக்ஸ் என்ற கலகலப்பான ஏஜென்ட் வந்து உட்கார்ந்துகொண்டார். பாட்டுச் சொல்லித்தந்த பெருமை முழுவதும் மரியாவுக்குப் போனது.

புகழ்பெற்ற ஓபரா பாடகி லோட்டே லேமன் இவர்கள் பாடுவதைக் கேட்டு, மேடை ஏறச் சொன்னார். 1936ல் சால்ஸ்பர்க்கில் நடந்த போட்டியில் முதல் பரிசு. வானொலியில் கேட்ட ஆஸ்திரியப் பிரதமர் ஷுஷ்னிக், வியன்னாவுக்கு அழைத்துப் பாடவைத்தார். ஐரோப்பிய டூர்கள் தொடங்கின.

தன் வீட்டுப் பிள்ளைகள் காசுக்காக மேடையில் பாடுவதை ஜார்ஜால் ஜீரணிக்கவே முடியவில்லை. பழைய பேரரசின் பிரபு, போர் நாயகன், இப்போது டிக்கெட் விற்ற காசில் வீடு நடத்த வேண்டிய நிலை. கடவுள் சித்தம் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் சம்மதித்தார். படத்தில் அவர் பாடத் தயங்குவது மனைவியை இழந்த சோகத்தால். நிஜத்தில் அவரைத் தடுத்தது தன்மானம், அதை உடைத்தது வறுமை.

மூன்று அழைப்புகள்

1938 மார்ச் 12ல் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அடுத்த சில மாதங்களில் அந்த வீட்டுக்கு மூன்று அழைப்புகள் வந்தன.

முதலாவது, ஜார்ஜுக்கு. ஜெர்மன் கடற்படையில் பதவி, நீர்மூழ்கிக் கப்பல் பொறுப்பு. 20 வருடமாகக் கடலே இல்லாமல் வாழ்ந்த மாலுமிக்கு, அன்றைய நவீனக் கப்பல். ஒரு கணம் அவர் மனம் ஆடிப்போனதாக மரியா எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, மூத்த மகன் ரூபர்ட்டுக்கு. அப்போதுதான் டாக்டர் படிப்பை முடித்தவர். வியன்னாவில் ஒரு மருத்துவமனையில் வேலை. புதிதாகப் பட்டம் வாங்கிய ஒருவருக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் அந்த இடம் ஏன் காலியானது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே வேலை பார்த்த யூத மருத்துவர்கள் துரத்தப்பட்டிருந்தார்கள்.

மூன்றாவது, மொத்தக் குடும்பத்துக்கும். ஹிட்லரின் பிறந்தநாள் விழாவில் பாட வேண்டும். பாடிப் பிழைக்கும் ஒரு குழுவுக்கு அன்றைய தேதியில் இதைவிடப் பெரிய மேடை கிடையாது.

மூன்றுமே வேலை வாய்ப்புகள். அப்பாவுக்குப் பதவி, மகனுக்குச் சம்பளம், குடும்பத்துக்கு மேடை. ‘சரி’ என்ற ஒரு வார்த்தையில் பணக் கஷ்டம் தீர்ந்திருக்கும். அந்தச் சமயத்தில் வீட்டில் ஒன்பது பிள்ளைகள், ஏனென்றால் ஜார்ஜ்-மரியா தம்பதிக்கே இரண்டு மகள்கள் பிறந்திருந்தார்கள். பத்தாவது குழந்தை மரியாவின் வயிற்றில்.

மூன்றுக்கும் ‘முடியாது’ என்றார்கள். தொடர்ந்து மறுத்துக்கொண்டே அந்த ஊரில் இருக்க முடியாது என்பதும் தெரிந்தது. வீடும் உடைமையும் வேண்டுமா, நம்பிக்கையும் மானமும் வேண்டுமா, இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று ஜார்ஜ் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசியதாகக் குடும்பம் நினைவுகூர்ந்தது.

இந்தக் காட்சியை ஒரு பணக்காரக் குடும்பத்தோடு பொருத்திப் பாருங்கள். ‘சொத்து இருக்கிறது, எங்கே போனாலும் சமாளிக்கலாம்’ என்ற தெம்பு தெரியும். வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டு, கச்சேரிக் காசில் சாப்பிடும் குடும்பத்தோடு பொருத்திப் பார்த்தால் கதையே வேறு. இசை நாடகம் முதலாவதைத்தான் காட்டியது.

மலை ஏறவில்லை, ரயில் ஏறினார்கள்

தப்பித்த விதத்திலும் சினிமாத்தனம் எதுவும் கிடையாது. பட்டப்பகலில், பெட்டிகளோடு, ரயிலில் இத்தாலிக்குப் போனார்கள். பாடுவதற்கு அமெரிக்கா போகிறோம் என்று தெரிந்தவர்களிடம் சொல்லிவிட்டே கிளம்பினார்கள். வாஸ்னர் பாதிரியாரும் கூடவே போனார்.

அவர்களைக் காப்பாற்றியது ஒரு காகிதம். ஜார்ஜ் பிறந்த ஸாரா, முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலிக்குப் போயிருந்தது. அதனால் அவருக்கும் குடும்பத்துக்கும் இத்தாலியக் குடியுரிமை இருந்தது. அமெரிக்காவில் கச்சேரி நடத்த ஒரு ஏஜென்டோடு ஒப்பந்தமும் கையில் இருந்தது. இத்தாலியிலிருந்து லண்டன், அங்கிருந்து கப்பலில் நியூயார்க். 1938 அக்டோபரில் போய் இறங்கினார்கள். விட்டுவந்த ஐகன் வீட்டை நாஜி எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் குடும்பத்தைப் புனிதர்களாக்கிவிடவும் கூடாது. ஜார்ஜ் ஜனநாயகப் போராளி இல்லை. பழைய பேரரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் விசுவாசமானவர். அவர் ஆதரித்த ஷுஷ்னிக் அரசும் எதிர்க்கட்சிகளைத் தடை செய்த சர்வாதிகார அரசுதான். எல்லாவற்றையும்விட முக்கியம், அவர்களிடம் அந்தக் குடியுரிமை இருந்தது. அதே 1938ல் வியன்னாவில் தூதரக வாசல்களில் வரிசையில் நின்ற பல்லாயிரம் யூதக் குடும்பங்களுக்கு அப்படிப்பட்ட வசதி இல்லை. நாடகத்தில் அவர்களைப் பற்றி ஏறக்குறைய பேச்சே கிடையாது. பிராட்வே மேடையில் முதன்முதலில் கேப்டனாக நடித்த தியோடர் பிகெல், வியன்னாவில் பிறந்த யூதர். 1938ல் 14 வயதில் குடும்பத்தோடு ஊரை விட்டு ஓடியவர். இருபது வருடம் கழித்து, ஊரை விட்டுப் போகிற வான் டிராப்பாக அவர் இரவுதோறும் மேடையில் நின்றார்.

அமெரிக்காவில் இரண்டாவது இன்னிங்ஸ்

படம் முடிகிற இடத்தில் அவர்களுடைய கஷ்டம் தொடங்கியது. வந்தது குறுகிய கால விசாவில். அது முடிந்ததும் 1939ல் நாட்டை விட்டுக் கிளம்பி, ஸ்காண்டிநேவிய நாடுகளில் பாட வேண்டியிருந்தது. போர் வெடித்தது. அதே வருடம் அக்டோபரில் மறுபடி நியூயார்க் வந்தபோது, எவ்வளவு காலம் தங்குவீர்கள் என்று குடியேற்ற அதிகாரி கேட்டார். திரும்பிப் போகவே மனசில்லை என்று மரியா சந்தோஷத்தில் உளறிவிட்டார். விளைவு, எல்லிஸ் தீவில் குடும்பமே சில நாள் காவலில்.

விசா இன்டர்வியூவில் ஒரே ஒரு வார்த்தை பிசகி, கை நடுங்க நின்றவர்களுக்கு அந்தக் காட்சி புரியும்.

ஊர் ஊராக பஸ்ஸில் போய்ப் பாடினார்கள். பாக், பழைய தேவாலய இசை என்று கனமான நிகழ்ச்சி. மேடையில் சிரிக்கவே தெரியாமல் இறுக்கமாக நிற்பார்கள். ஃபிரெடி ஷாங் என்ற ஏஜென்ட்தான், குழுவின் பெயரை ‘டிராப் ஃபேமிலி சிங்கர்ஸ்’ என்று எளிமையாக்கி, கூட்டத்தோடு கொஞ்சம் கலகலப்பாகப் பேசச் சொல்லித்தந்தார். 1942ல் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோவ் என்ற மலை ஊரில் ஒரு பண்ணையை வாங்கினார்கள். இரண்டு மூத்த மகன்கள் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, அதே ஐரோப்பாவுக்கு வீரர்களாகத் திரும்பிப் போனார்கள். போர் முடிந்ததும், பட்டினியில் கிடந்த ஆஸ்திரியர்களுக்காகக் கச்சேரி மேடைகளிலேயே உணவும் துணியும் திரட்டி அனுப்பினார்கள்.

ஜார்ஜ் 1947 மே 30ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். தன் கதை புத்தகமாக வந்ததையே அவர் பார்க்கவில்லை.

கதை யாருடையது, காசு யாருடையது?

1949ல் மரியா குடும்பக் கதையைப் புத்தகமாக எழுதினார். 1956ல் ஜெர்மன் திரைப்பட நிறுவனம் அதைப் படமாக்கியது. உரிமைக்காக மரியாவுக்குக் கிடைத்தது 9,000 டாலர். ராயல்டி கிடையாது. கைச்செலவுக்குப் பணம் தேவைப்பட்ட நேரம், ஒரே தவணையில் விற்றுவிட்டார். அந்தக் கையெழுத்தோடு கதையின் மேல் குடும்பத்துக்கு இருந்த பிடியும் போனது.

அந்த ஜெர்மன் படம்தான் பிராட்வேக்கு வழிவிட்டது. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசை, ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் பாடல்கள், மேரி மார்ட்டின் மரியாவாக. 1959 நவம்பர் 16ல் தொடங்கி 1,443 காட்சிகள். ‘கிளியோபாட்ரா’ எடுத்துக் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தை, ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த 1965 படம் கரையேற்றியது. ஐந்து ஆஸ்கர், வசூலில் அதுவரை இல்லாத சாதனை. பேங்க் திவாலாகிப் பாடத் தொடங்கிய ஒரு குடும்பத்தின் கதை, திவாலாக இருந்த ஒரு ஸ்டூடியோவைக் காப்பாற்றியது.

குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? மேரி மார்ட்டின் தரப்பு நல்ல மனசோடு மேடை வருமானத்தில் மரியாவுக்கு ஒரு மிகச் சிறிய பங்கு கொடுத்தது. படத்தில் ஒரு காட்சியில், பின்னணியில் நடந்துபோகும் கூட்டத்தில் நிஜ மரியா சில நொடி தெரிவார். கவனித்துப் பார்க்காவிட்டால் தவறிவிடும். தன் வாழ்க்கைக் கதையில் அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

பிள்ளைகளை அதிகம் வருத்தியது பணம் இல்லை, அப்பாவைக் காட்டிய விதம். விசில் ஊதும் கல்நெஞ்சக்காரராக உலகம் அவரை நம்பிவிட்டது. அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் மென்மையாக்கச் சொல்லி மரியா கேட்டுப் பார்த்தார். கதைக்கு அந்த இறுக்கம் தேவைப்பட்டது, மாற்றவில்லை. மறுத்துப் பேச ஜார்ஜ் உயிரோடு இல்லை. மூத்த மகள் அகதா, தன் 90வது வயதையொட்டி, அப்பா உண்மையில் எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஒரு நினைவுக்குறிப்பே எழுதினார். அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

படத்தில் மூத்தது மகள் லீசல், தந்தி கொண்டுவரும் பையனோடு காதல் டூயட். நிஜத்தில் மூத்தது மகன். யூத டாக்டர்களைத் துரத்திவிட்டுக் காலியான வேலையை வேண்டாம் என்று சொன்ன அதே ரூபர்ட். ஒரு காதல் காட்சிக்காக அழிக்கப்பட்டது அந்த மறுப்பு.

‘படம்தானே, விடுங்க’ என்பவர்களுக்கு

எதிர்வாதம் நியாயமானதுதான். இரண்டரை மணி நேர மேடையில் பத்து வருடத்தை வைக்க முடியாது. காதல் வேண்டும், வில்லன் வேண்டும், கைதட்ட ஒரு கிளைமாக்ஸ் வேண்டும். நாடகமே இல்லையென்றால் வான் டிராப் என்ற பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஸ்டோவில் அந்தக் குடும்பம் நடத்தும் விடுதிக்குக் கூட்டம் வருவதும் படத்தால்தான். மரியா 1987ல் இறக்கும்வரை அந்தப் புகழோடு சமாதானமாகவே வாழ்ந்தார்.

இதெல்லாம் சரி. மலையும் காதலும் டூயட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கதைக்கு எது தேவை என்று முடிவு செய்தபோது, முதலில் வெட்டப்பட்டது பணக் கஷ்டம் என்பது தற்செயல் இல்லை. மேடைக்கு வறுமை அழகாக இல்லை. பட்டுத் திரை, பெரிய மாளிகை, அங்கிருந்து எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகும் பிரபு. பார்க்க கம்பீரமாக இருக்கும். அதில் ஒரு பாடமும் ஒளிந்திருக்கிறது: கொள்கை பேச வசதி வேண்டும், மறுத்துப் பேசுவது உள்ளவர்களால் மட்டுமே முடிகிற காரியம்.

அந்தப் பாடம் தப்பு என்று அந்தக் குடும்பமே வாழ்ந்து காட்டியது. அதனால்தான் இந்தத் திரிப்பு உறுத்துகிறது.

மாதா மாதம் ஈஎம்ஐ கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆபீசில் ஒரு காரியம் தப்பு என்று தெரிகிறது. வேறொருவரை அநியாயமாகத் தூக்கிவிட்டு அந்த இடம் நமக்கு வருகிறது. வாயைத் திறக்கலாமா என்று யோசிக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது பேங்க் பேலன்ஸ்தான். ‘முதல்ல லோன் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்’ என்று மனசு சமாதானம் சொல்கிறது. ஹிட்லர் காலத்து ஆஸ்திரியாவோடு இதை ஒப்பிட முடியாது, அளவே வேறு. ஆனால் சாக்கு ஒன்றுதான்: கையில் காசு இருந்தால் நானும் நேர்மையாக இருப்பேன்.

நிஜ வான் டிராப் குடும்பத்தின் கதை அந்தச் சாக்கைப் பிடுங்கிவிடுகிறது. சினிமா வான் டிராப் குடும்பம் அதைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுகிறது. ‘அவங்க பெரிய இடம், போனாங்க’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் பாப்கார்ன் சாப்பிடலாம்.

சொந்த ஊர் சால்ஸ்பர்க்கில் இந்தப் படம் நெடுங்காலம் பெரிதாக எடுபடவில்லை. அந்த நகரத்தின் அரசு நாடக அரங்கில் இசை நாடகம் முதன்முதலாக மேடையேறியதே 2011ல்தான். ஆனாலும் படம் எடுத்த இடங்களைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். நீரூற்று, தோட்டம், படிக்கட்டு, கன்னிமடம் என்று ஒவ்வொரு இடத்திலும் செல்ஃபி.

பார்க்க வேண்டிய இடம் ஒன்று அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஐகன் வீட்டுக்குப் பின்னால் போகும் ரயில் பாதை. 1938ல் ஒரு பகல் வேளையில் கர்ப்பிணி மனைவி, ஒன்பது பிள்ளைகள், ஒரு பாதிரியார், சில பெட்டிகளோடு அந்தப் பக்கம் ரயிலேறிப் போன மனிதரிடம் சொத்து எதுவும் மிச்சமில்லை. மூன்று நல்ல வேலைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கிளம்பியிருந்தார்.